வெயில் படாத நரி வேட்டை

புனேயில் இருந்த வருஷங்களில் நரி வேட்டை ஆடிய ஒருவனையும் நான் பார்த்ததில்லை. நரி வேட்டைப் படங்களுக்காக ஒருவர்மேல் ஒருவர் பொறாமைப்பட்டு வயிறு எரிந்த கிழவர்களைப் பார்த்திருக்கிறேன். படமெல்லாம் ஒரே மாதிரிதான். சிவப்புக் கோட்டுப் போட்ட வெள்ளைக்காரன் குதிரைமேல் உட்கார்ந்து வேலியைத் தாண்டுவான். கீழே நாய்கள் ஓடும். நரி எங்கோ ஒரு மூலையில் பெருச்சாளி அளவுக்கு இருக்கும். இங்கிலாந்தில் செப்புத் தகட்டில் செதுக்கி, தாளில் அழுத்தி எடுத்து, மேலே கையால் வண்ணம் தீட்டியது, நூற்றைம்பது இருநூறு வருஷப் பழசு என்பார்கள். இருக்கட்டும். அப்படிப்பட்ட படங்கள் நிறைந்த ஒரு வீட்டில் நான் வேலை பார்த்தேன். அந்த வீட்டுப் பெண்மணி ஒரு ஜன்னலைத் திறக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார். நரிக்காக அதைத் திறக்காமல் வைத்திருந்தார்கள்.

நான் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். சேலத்திலிருந்து லாரியில் கிளீனராகக் கிளம்பி, சோலாப்பூரில் டிரைவரோடு சண்டை போட்டு இறங்கி, பம்பாயில் ஓட்டலில் தட்டுக் கழுவி, அங்கிருந்து புனே வந்தேன். ஒரே ஊரில் நெடுநாள் இருந்தால் எனக்குக் கால் அரிக்கும். தொண்ணூறுகளின் நடுவில் கட்கி பஜாரில் ஒரு பழைய பேப்பர் கடையில் மூட்டை கட்டும் வேலை கிடைத்தது. படுக்கையும் அந்த மூட்டைகள் மேல்தான். குளிர்காலத்துக்குப் பேப்பர் நல்ல சூடு. எலி கடிக்கும், அதற்குப் பழகிக்கொள்ளலாம். கட்டு இறுக்கும் கம்பி ஒருமுறை அறுந்து அடித்ததில் இடதுகைச் சுண்டுவிரல் மடங்காமல் போயிற்று. அதுவும் பழகிவிட்டது.

அந்தக் கடைக்குச் சனிக்கிழமைதோறும் ஒருவர் வருவார். கட்கி வெடிமருந்து ஃபேக்டரியில் ஆபீசராக இருந்து ரிட்டையர் ஆனவர். அவருடைய அப்பா வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்து அதே ஃபேக்டரியில் சுமை தூக்கியவர். மகன் படித்து ஆபீசரானது பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஆபீசரானதிலிருந்து வெள்ளைக்காரன் விட்டுவிட்டுப் போன எதைப் பார்த்தாலும் அவருக்குக் குரல் தழுதழுக்கும். கன்டோன்மென்ட் பங்களாக்களைக் காலி செய்யும்போது கடைக்கு வந்து விழும் பழைய புத்தகங்களைக் கோணிமேல் உட்கார்ந்து கிளறுவார். படம் உள்ள புத்தகம் கிடைத்தால் சட்டைப் பையிலிருந்து பிளேடை எடுத்துப் படத் தாள்களை மட்டும் அறுத்துக்கொள்வார். மிச்சம் என் மூட்டைக்கு வரும். செடிகொடிகளைப் பற்றி எவனோ ஆயுசு முழுக்க அலைந்து எழுதியிருப்பான். எழுத்து எடைக்குப் போகும், பூ மட்டும் ஃபிரேமுக்குப் போகும். கோழி உரிப்பதுபோல் உரிப்பார். அவரைப் பெரிய படிப்பாளி என்று பஜாரே சலாம் போட்டது.

ஒருநாள் என்னிடம், “ஏம்ப்பா, நீ மெட்ராஸ் பக்கமா? படிக்கத் தெரியுமா?” என்று கேட்டார்.

“தமிழ் தெரியும் சார். இங்கிலீஷ் எழுத்துக் கூட்டுவேன்.”

“அது போதும். முழுசாப் படிச்சவன் கை சும்மா இருக்காது. அபிப்ராயம் வேற சொல்வான். எங்க வூட்டுக்கு வந்துடு. படுக்க எடம் தரேன், சாப்பாடு வூட்ல.”

எலி இல்லாத இடமாக இருக்கும் என்று போனேன்.

வீடு ரயில் பாதையை ஒட்டிய சந்தில் இருந்தது. மூன்று படி ஏறினால் முன்னறை. அதில் சந்துப் பக்கமாகக் கிழக்கே பார்த்த, தரைவரை இறங்கிய ஒரு பெரிய ஜன்னல். உள்ளே ஒரு சிறிய படுக்கையறை, சமையலறை, இரண்டுக்கும் நடுவே ஒரு நடைவழி. கொல்லைப்புறத்தை ஒட்டி யாரோ மூன்று மாடி எழுப்பிவிட்டதால் அந்தப் பக்கம் வெயில் என்ற பேச்சே கிடையாது. வெயில் வந்தால் முன்னறை ஜன்னல் வழியாகத்தான் வரவேண்டும். அதற்கு ஆபீசர் குடைத் துணியில் இரண்டடுக்குத் திரை தைத்துப் போட்டு, காற்றில் விலகாதபடி ஓரங்களில் ஆணி அடித்திருந்தார். வெளிச்சம் பட்டால் வண்ணம் வெளுத்துவிடுமாம். அதிலும் சிவப்புதான் முதலில் போகுமாம். சிவப்புக் கோட்டுப் போய்விட்டால் அப்புறம் நரி வேட்டைக்கு என்ன மரியாதை?

அந்த இருட்டில்தான் என் வேலை. ஆட்டுமயிர் பிரஷால் ஃபிரேம்களின் தூசு தட்ட வேண்டும். மழைக்காலத்தில் பீரோவுக்குள் ஒரு சின்ன பல்பு எரியவிட்டு, மாட்டாத படங்களுக்கு ஈரம் ஏறாமல் பார்க்க வேண்டும். சரக்கு வண்டி போனால் சுவர் அதிரும், குதிரைகளெல்லாம் ஒருபக்கமாகச் சாயும். ஒவ்வொன்றாக நிமிர்த்த வேண்டும். ஒரு வளர்ந்த ஆண் செய்கிற வேலையா என்று யாராவது கேட்டிருந்தால் பதில் சொல்லியிருக்க மாட்டேன். சாப்பாடு நன்றாக இருந்தது.

சாப்பாடு போட்டவர் ஆபீசரின் மனைவி. அம்மா என்றுதான் கூப்பிடுவேன். கட்கியிலேயே பிறந்து வளர்ந்தவர். ஒரு வாக்கியத்துக்குள் தமிழ், இந்தி, மராட்டி மூன்றையும் போட்டுக் கிண்டிவிடுவார். ஒரே மகள் கல்யாணமாகி நாசிக்கில் இருந்தாள். முழங்காலில் வலி இருந்ததால் அம்மா அதிகம் வெளியே போவதில்லை. அதனால் வாயை நன்றாகப் பயன்படுத்தினார்.

சுவரில் ஒரு காளை மாட்டின் படம் இருந்தது. அந்தக் காலத்து இங்கிலாந்தில் பரிசு வாங்கிய மாடாம். உடம்பு பெட்டிபோலச் சதுரமாக இருக்கும். கால்கள் குச்சி. தலை எலுமிச்சம்பழம். ஆபீசர் அதன்முன் நின்று, “இன்னா பிரீடு பாரு!” என்று நெகிழ்வார்.

அம்மா சமையலறையிலிருந்தே சொல்வார்: “மேல ஒரு மெத்தையப் போட்டா கட்டிலு. அதுக்குப் போயி பிரீடாம்.”

இன்னொரு சுவரில் செடிகள். அதில் ஒன்று ஊமத்தை. நிஜமாகவே ஊமத்தைதான். வெள்ளைப் பூவும் முள்ளுக்காயும், கீழே லத்தீனில் பெயரும். அதே ஊமத்தை வாசல் படியோரம் முளைத்திருந்தது. பாம்பு வரும் என்று ஆபீசர் என்னிடம் அதைப் பிடுங்கச் சொன்னார். அம்மா அதைப் பார்த்துவிட்டு, “வெளிய மொளைச்சா புடுங்கிப் போடறது, உள்ள மொளைச்சா கண்ணாடி போட்டு மாட்டறது. ஊமத்தங்காய்க்கும் நேரம் வரணும்ப்பா” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை முற்பகல் மட்டும் திரை விலகும். ஆபீசரைப் போல நாலைந்து பேர் வருவார்கள். ஒரு ரிட்டையர்டு மேஜர், ஒரு பல் டாக்டர், பந்தயக் குதிரை வாங்கிக் கெட்ட ஒருவர், இன்னும் இப்படி. எல்லாரும் கை கழுவித் துடைத்துக்கொண்டுதான் முன்னறைக்கு வரலாம். வடை சமையலறையில் நின்றுகொண்டே தின்ன வேண்டும். பிறகு ஆபீசர் ஆணிகளைக் கழற்றித் திரையை ஒருபக்கமாகத் தள்ளுவார். எல்லாரும் கண்களைச் சுருக்கிக்கொண்டு உள்ளே போவார்கள்.

இவர்கள் படம் பார்க்கும் விதத்தை நான் மறக்கவில்லை. குதிரையை ஒருவனும் பார்க்க மாட்டான். படத்தைச் சுற்றியுள்ள வெற்றுத் தாளைப் பார்ப்பான். தகடு அழுந்திய தடம் ஓரத்தில் இருக்கிறதா என்று விரலால் தடவுவான். தாளை வெளிச்சத்தில் பிடித்து உள்ளே தாள் ஆலையின் நீர்க்குறி தேடுவான். படத்துக்குக் கீழே அச்சான எழுத்து வெட்டுப்படாமல் இருக்கிறதா என்று குனிவான். பல் டாக்டர் ஒருமுறை தம் வீட்டு ஃபிரேம்களெல்லாம் ஒரே அளவாக இருக்கட்டும் என்று சில படங்களின் ஓரத்தை வெட்டிவிட்டார். அதற்குப் பிறகு அவர் வராத ஞாயிறுகளில், வேறு சாதியில் பெண் எடுத்தவனைப் பேசுவதுபோல் அவரைப் பேசினார்கள். வந்த ஞாயிறுகளில் சிரித்துக்கொண்டு தோளில் தட்டினார்கள்.

ஆபீசருடைய வண்ணங்களைத்தான் எல்லாரும் மெச்சுவார்கள். நேற்றுப் பூசியதுபோல் இருக்கும் அந்தச் சிவப்பு. “இருட்டுதான் ரகசியம்” என்பார் ஆபீசர், ஏதோ தவம் இருந்ததைச் சொல்வதுபோல். பேச்சு முடிந்ததும் திரை திரும்பவும் மூடிக்கொள்ளும், ஆணி ஏறும்.

அம்மா ஒருநாள் என்னிடம் கேட்டார்: “கோயில்ல சாமிக்குத் திரை போட்டா உள்ள அலங்காரம் நடக்குதுன்னு அர்த்தம். இங்க பர்தா போட்டு உள்ள இன்னா நடக்குது? குதிர துணி மாத்துதா?”

இரண்டாயிரம் பிறந்த பிறகு அம்மாவுக்கு வலி முழங்காலோடு நிற்கவில்லை. இடுப்பு, முதுகு, தோள் என்று ஏறியது. கட்டிலைவிட்டு எழும்போது பல்லைக் கடித்துக்கொள்வார். நான்தான் ஆட்டோ பிடித்து டாக்டரிடம் கூட்டிப்போனேன். ஆபீசருக்கு அன்று ஒரு பங்களாவில் புத்தகம் பார்க்கும் வேலை இருந்தது. டாக்டர் ஒரு மராட்டிக்காரப் பெண். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, இந்தியில், “மாஜி, நீங்கள் வீட்டைவிட்டு வெளியே வருவதே இல்லையா? எலும்பில் சத்து இல்லை. மாத்திரை தருகிறேன், ஆனால் தினம் வெயிலில் உட்காருங்கள். கையிலும் காலிலும் வெயில் படவேண்டும்” என்றார்.

திரும்பும்போது ஆட்டோவில் அம்மா சிரித்தார். “இத்த சொல்றதுக்கு ரத்தம் எடுக்கணுமா? பூஞ்சக்காளான் புடிச்சிருக்குன்னு பாத்தாலே தெரியாதா?”

அன்று மாலை ஆபீசரிடம் சொன்னார். நான் முன்னறையில் சாய்ந்த குதிரைகளை நிமிர்த்திக்கொண்டிருந்தேன். அவர்கள் என் முன்னாலேயே பேசினார்கள். வேலைக்காரன் சுவர் மாதிரிதானே.

“இன்னாங்க, டாக்டரு வெயில்ல ஒக்காரச் சொல்லிகிது. காலைல இந்த ஜன்னலத் தொறந்தா நேரா உள்ள வரும். நான் ஒரு சேரைப் போட்டுகினு ஒக்காந்துக்கறேன்.”

“எங்க? இங்கயா?”

“வேற எங்க வெயிலு வருது? கொல்லைல வருதா?”

“கலர் போயிடும்.”

“எனக்கா?”

“வெளையாடாத. தினம் காலைல வெயிலு உட்டா ஒரு வருஷத்துல எல்லாம் வெளுத்துடும். தெரிஞ்சே எப்டிப் பண்றது?”

“படத்த எல்லாம் உள் ரூம்புல மாட்டுங்க. நான் இங்க படுத்துக்கறேன்.”

“அந்த ரூம்பு ஓதம். பேப்பர் பூத்துப் போயிடும்.”

“அந்த ஓதத்துலதானே நான் இத்தினி வருஷமா படுத்துகினு இருக்கேன்?”

ஆபீசர் காளை மாட்டுப் படத்தின் ஃபிரேமைச் சட்டை நுனியால் துடைத்தார். அப்புறம் சொன்னார்: “ஒனக்கு மாத்திரை குடுத்திருக்காங்க இல்ல? படத்துக்கு மாத்திரை கெடையாது.”

நான் பல ஊர்களில் பல மாதிரி ஆண்களிடம் வேலை பார்த்திருக்கிறேன். குடித்துவிட்டுப் பெண்டாட்டியை அடித்தவன், மறுநாள் அழுதவன், அழாதவன். இந்த மாதிரி நிதானமாக, நியாயம் பேசுகிற குரலில் சொன்ன ஒருவரை அன்றுதான் பார்த்தேன். இதில் அவருக்குக் கூச்சமே இல்லை. தாம் ஏதோ தியாகம் செய்வதாகவே நினைத்துக்கொண்டிருந்தார்.

அம்மா விடவில்லை. ஜன்னலைத் திறக்காவிட்டால் வாசலில் உட்காருகிறேன் என்று மறுநாள் காலை மெல்ல மெல்லச் சுவரைப் பிடித்துப் போய் மேல்படியில் உட்கார்ந்தார். சந்து முழுக்க ஸ்கூட்டர்களும் சைக்கிள்களும் நின்றன, சேர் போட இடமில்லை. போகிறவர் வருகிறவர் எல்லாம், “காய் ஜாலா ஆஜி? பாஹேர் கா பஸ்லாத்?” என்று ஏன் வெளியே உட்கார்ந்திருக்கிறீர்கள் எனக் கேட்டுவிட்டுப் போனார்கள். அம்மா எல்லாருக்கும் பதில் சொன்னார்: “உள்ள கோரா சாயபுங்க, வெள்ளக்கார தொரைங்க, தூங்குறாங்கம்மா. எழுப்பக் கூடாது.” படி தாழ்வாக இருந்ததால் அவரால் தானாக எழ முடியவில்லை. நானும் எதிர்வீட்டுப் பெண்ணும் தூக்கிவிட்டோம். வலியில் அவர் முகம் வெளுத்துவிட்டது.

ஆபீசருக்கு அந்த வலி தெரியவில்லை. சந்துக்காரர்கள் பார்த்தது தெரிந்தது. “ஆபீசர் வூட்டுப் பொம்பள படியில குந்திகினு கத பேசறதா?” என்றார். அன்று சாயங்காலம் பஜாருக்குப் போய் ஒரு பெரிய பல்பும், அதை மாட்ட வளைகிற கழுத்து உள்ள ஒரு மேஜை விளக்கும் வாங்கி வந்து படுக்கையறையில் வைத்தார். “இதுல ஒக்காரு. சூடும் வரும், வெளிச்சமும் வரும்.”

அம்மா அந்த விளக்கை ஒரு தடவை போட்டுப் பார்த்தார். “கோழிக்குஞ்சு பொரிக்கலாம்” என்று அணைத்துவிட்டார்.

இப்படி ஒரு குளிர்காலம் போயிற்று. அம்மா தினமும் ஒரு தடவையாவது ஜன்னலைக் கேட்டார். ஒருநாள் கெஞ்சல், ஒருநாள் கேலி, ஒருநாள் சண்டை. ஞாயிற்றுக்கிழமை திரை விலகும் நேரத்தில் சமையலறைக் கதவோரம் வந்து நின்று, தரையில் விழும் வெயில் பட்டையைப் பார்ப்பார். வந்தவர்கள் அதை மிதித்துக்கொண்டு நிற்பார்கள். பல் டாக்டர் ஒருமுறை, “மேடம், நீங்களும் ரசிக்கிறீர்களா?” என்று இங்கிலீஷில் கேட்டார்.

அந்தச் சமயத்தில்தான் ஊரின் மேற்கு ஓரத்துப் பாணேரிலிருந்து ஓர் இளம் ஜோடி வந்தது. பாணேர் அப்போதுதான் அடுக்குமாடிகளாக முளைத்துக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டர் கம்பெனி வேலைக்கு மெட்ராஸிலிருந்து வந்து இறங்கிய பிள்ளைகள் அங்கே வீடு வாங்கினார்கள். இவர்களும் அப்படித்தான். தமிழர் வீடு, பழைய இங்கிலீஷ் படங்கள், இரட்டையாக இருப்பதை விற்பார்கள் என்று யாரோ சொல்லி வந்திருந்தார்கள். கணவன் பேசவில்லை. கார் சாவியைச் சுழற்றிக்கொண்டு நின்றான். அந்தப் பெண்தான் பேசினாள். அவர்களுக்குச் சாப்பாட்டு மேஜைக்குப் பின்னால் ஒரு சுவர் காலியாக இருந்ததாம். அந்தச் சுவருக்கு என்ன வேண்டும் என்று அவளுக்குத் தெரியவில்லை. பழசாக ஏதாவது வேண்டும் என்று மட்டும் தெரிந்திருந்தது.

ஞாயிறு இல்லாவிட்டாலும் ஆபீசர் அவர்களுக்காகத் திரையை விலக்கினார். மெட்ராஸ் பிள்ளைகள், படித்தவர்கள், மரியாதை தெரிந்தவர்கள் என்று நம்பினார். நரி வேட்டை வரிசையில் இரண்டாவது பிரதி இருந்த படங்களை மேஜையில் பரப்பினார். வெயில் அதன்மேல் விழுந்தது. சிவப்புக் கோட்டுகள் தக்காளிபோல் ஜொலித்தன.

அந்தப் பெண் உதட்டைச் சுழித்தாள். “அங்கிள், தப்பா நெனச்சுக்காதீங்க. இது பழசு மாதிரியே இல்லையே? இப்பப் பிரிண்ட் அவுட் எடுத்த மாதிரி பளிச்சுனு இருக்கு.”

“பளிச்சுனு இருக்கறதுதாம்மா விசேஷம். நான் வெளிச்சமே காட்டாம வெச்சிருக்கேன்.”

“இல்ல அங்கிள், இருநூறு வருஷம்னா கொஞ்சமாவது மங்கியிருக்கணும்ல? வர்றவங்க பாத்தா காலண்டர்னு நெனப்பாங்க.”

ஆபீசர் அவள் விரலைப் பிடிக்காத குறையாகத் தகட்டுத் தடத்தைத் தடவச் சொன்னார். தாளைத் தூக்கி நீர்க்குறி காட்டினார். அவள் தலையாட்டினாள். காதில் வாங்கவில்லை. தண்ணீர் கேட்டு உள்ளே வந்தவள் நடைவழியில் நின்றுவிட்டாள்.

அங்கே சுவரில் காரை பெயர்ந்து ஓட்டை விழுந்திருந்தது. அதை மறைக்க அம்மா பல வருஷத்துக்கு முன்னால் ஒரு படத்தை மாட்டியிருந்தார். ஓரம் கிழிந்தது என்று ஆபீசர் கழித்துப்போட்ட நரி வேட்டை. கூரையில் பதித்த ஒற்றைக் கண்ணாடி ஓட்டின் மங்கல் வெளிச்சமும் அடுப்புப் புகையும் பட்டுப் பட்டு அது டீ வடிகட்டிய துணி நிறத்துக்கு வந்திருந்தது. கோட்டு சிவப்பா பழுப்பா என்று தெரியாது. நரியைத் தேடினாலும் கிடைக்காது.

“அய்யோ, இது! இதுதான் ஒரிஜினல்!” என்று கத்தினாள் அந்தப் பெண். “இங்க வாங்களேன், பாருங்க. இதுல எவ்ளோ ஃபீல் இருக்கு!”

கணவன் வந்து பார்த்து, “ஆமா, இது ஓகே” என்றான். அவன் வாயிலிருந்து வந்த முதல் சொற்கள் அவை.

அம்மா டம்ளரை நீட்டியபடியே சொன்னார்: “எடுத்துகினு போம்மா. ஆனா பின்னாடி ஓட்டை இருக்குது, அத்தயும் சேத்து எடுத்துகினு போ.”

ஆபீசர் கொடுக்கவில்லை. அது கழிவு, அதை விற்றால் தமக்கு அவமானம் என்றார். அவள் அவர் ஏதோ ரத்தினத்தைப் பதுக்குகிறார் என்று நினைத்துக்கொண்டு போனாள். போகும்போது சிரித்துக்கொண்டே, “அப்ப முன்னாடி இருக்கறது எல்லாம் காப்பியா அங்கிள்?” என்று வேறு கேட்டுவிட்டாள்.

அதோடு போயிருக்கும். ஆபீசரே ஞாயிறன்று அதை ஒரு ஜோக்காக நண்பர்களிடம் சொன்னார். காலண்டராம், பிரிண்ட் அவுட்டாம் என்று சொல்லிவிட்டு எல்லாரும் சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்து முகங்களைப் பார்த்தார். எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் ஓரம் வெட்டியதற்காக அத்தனை வருஷம் முதுகுக்குப் பின்னால் பேச்சுக் கேட்ட பல் டாக்டர், சிரித்து முடித்த பிறகு சட்டைப் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தார். அதற்கு முன்னால் அந்த வீட்டில் அவர் அதை எடுத்ததில்லை. ஒரு சிவப்புக் கோட்டின்மேல் வைத்து நெடுநேரம் பார்த்தார். மேஜரும் குனிந்தார். “வண்ணம் பிற்பாடு பூசியதாகவும் இருக்கலாம், இல்லையா?” என்று மெதுவாகக் கேட்டார். பந்தயக் குதிரைக்காரர், “சொல்ல முடியாது” என்றார். அவ்வளவுதான் நடந்தது. பத்து வருஷம் வடை தின்றுகொண்டு எந்தச் சிவப்பைப் புகழ்ந்தார்களோ, அந்தச் சிவப்பே இப்போது சந்தேகத்துக்குக் காரணம். சொந்தக் கண் என்று ஒன்று அவர்களில் ஒருவனுக்கும் கிடையாது. சாப்பாட்டு மேஜைச் சுவருக்குப் படம் தேடி வந்த பெண்ணுடைய கண் போதுமானதாக இருந்தது.

ஆபீசர் அன்று சாப்பிடவில்லை. இரவு நடைவழியில் போய் நின்று அந்தப் புகை பிடித்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பாயை விரித்துக்கொண்டிருந்தேன். என்னைப் பார்த்துக் கேட்டார்: “ஏம்ப்பா, நீ சொல்லு. எது பழசாத் தெரியுது?”

அபிப்ராயம் சொல்லாதவன் என்றுதானே என்னை வைத்திருந்தார். பாயைத் தட்டிப் போட்டுப் படுத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலை ஒரு சத்தம் கேட்டு எழுந்தேன். ஆபீசர் சுத்தியலின் பின்பக்கத்தால் திரையின் ஆணிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். ஒரு ஞாயிறுக்குக் கழற்றுவதுபோல் அல்ல. எல்லாவற்றையும் பிடுங்கித் திரையைக் கம்பியோடு கழற்றிக் கீழே போட்டார். ஜன்னலின் இரண்டு கண்ணாடிக் கதவுகளையும் தள்ளினார். துருப்பிடித்த கீல் கிறீச்சிட்டது. வெயில் பட்டையாக உள்ளே வந்து தரையில் விழுந்தது. முன்னறைத் தரை என்ன நிறம் என்று நான் அன்றுதான் சரியாகப் பார்த்தேன்.

“அந்த நாடாக்கட்டில இங்க போடு மேன்” என்றார். போட்டேன். இரட்டைப் படங்களை எடுத்து வந்து கட்டில்மேல் வெயிலில் வரிசையாகப் பரப்பினார். ஃபிரேமில் இருந்த ஒன்றிரண்டையும் இறக்கினார். “ரெண்டு மாசம் போதும். லேசா மங்கினா போதும். ரொம்ப வேணாம்.” தமக்குத்தாமே பேசிக்கொண்டார். அத்தனை வருஷம் எதிலிருந்து காப்பாற்றினாரோ அதையே கையால் எடுத்துப் பூசப் புறப்பட்டுவிட்டார். யாருக்காக? பேர்கூடத் தெரியாத ஒரு பெண்ணுக்காக, பூதக்கண்ணாடி வைத்திருந்த ஒரு பல் டாக்டருக்காக.

அம்மா சத்தம் கேட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். முன்னறைக் கதவருகே நின்று முதலில் ஜன்னலைப் பார்த்தார். அப்புறம் கட்டிலைப் பார்த்தார். என்ன நடக்கிறது என்று அவருக்கு உடனே புரிந்துவிட்டது. ஒருத்தரும் சொல்லவில்லை.

“எனக்குத் தொறக்கல” என்றார்.

ஆபீசர் ஒரு படத்தின் மூலையை நேராக்கினார்.

“பரவால்ல. வெயிலுக்கு அது இன்னா தெரியும்.” என்னைப் பார்த்து, “தம்பி, அந்த பிளாஸ்டிக் சேர எடுத்தா” என்றார்.

எடுத்து வந்தேன். வெயில் பட்டை கட்டிலுக்கே சரியாக இருந்தது. கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் சேர் வைக்கிற அளவுக்குத்தான் இடம். அங்கே போட்டேன். அம்மா என் தோளைப் பிடித்து மெதுவாக உட்கார்ந்தார். புடவையை முழங்கால்வரை ஏற்றிக்கொண்டார். கைகளை மடியில் மலர்த்தி வைத்தார். அவருடைய நிழல் முழுசாகப் பின்னால் கட்டில்மேல் விழுந்தது. மூன்று குதிரைகளும் அவற்றின்மேல் இருந்தவர்களும் இருட்டுக்குள் போனார்கள்.

“கொஞ்சம் நகரு. நெழலு விழுது” என்றார் ஆபீசர்.

“வுழட்டும். அதுங்களுக்குப் பழக்கம்தானே.”

“நான் சொல்றது கேக்குதா? நீ இன்னொரு பக்கம் ஒக்காரு.”

“இன்னொரு பக்கம் இன்னா இருக்குது? செவுரு.”

“எழுந்துரும்மா.”

“என்னால எழுந்துக்க முடியாது. நீங்க தூக்குங்க.”

ஆபீசர் அவரைத் தூக்கவில்லை. அந்த வீட்டில் நான் இருந்த காலத்தில் ஒரு தடவையும் தூக்கியதில்லை. என்னைப் பார்த்தார். “சேர நகத்து.”

நான் கட்டிலை நகர்த்தினேன். சுவரோரமாக, வெயில் இல்லாத பக்கமாக, படங்களோடு சேர்த்து இழுத்துவிட்டேன். துணிச்சல் என்று ஒன்றும் இல்லை. கட்டில் கனம் குறைவு, சேரில் ஆள் இருந்தார், அவ்வளவுதான். ஒரு படம் சரிந்து தரையில் விழுந்தது. ஆபீசர் என்னென்னவோ கத்தினார். நன்றி கெட்டவன், பேப்பர் கடை எலி, போ, இப்பவே போ. போ என்று சொல்லிக் கேட்பது எனக்குப் புதிதல்ல. துணிகளை ஒரு பையில் திணித்துக்கொண்டேன்.

“நேத்து வெச்ச புளிக்கொழம்பு கீது, துன்னுட்டுப் போ” என்றார் அம்மா, கண்களைத் திறக்காமல்.

தின்னவில்லை. படியிறங்கிச் சந்துக்கு வந்து ஜன்னலுக்கு நேராக நின்று ஒருமுறை உள்ளே பார்த்தேன். கட்டிலைத் திரும்ப இழுக்க ஆபீசருக்குப் பலம் போதவில்லை போலிருக்கிறது. கீழே விழுந்த படத்தை எடுத்துக்கொண்டு சேருக்குப் பின்னால் போய் நின்றார். அம்மாவின் தலைக்கு மேலே வெயில் இருந்தது. படத்தை இரண்டு கையாலும் தூக்கி அந்த வெயிலில் பிடித்துக்கொண்டு நின்றார், ஊர்வலத்தில் தட்டி பிடிக்கிறவன்போல். சிவப்புக் கோட்டுக்காரன் என் பக்கம் பார்த்து வேலியைத் தாண்டிக்கொண்டிருந்தான். ஆபீசரின் முழங்கைகள் ஆடத் தொடங்கின. அம்மா கீழே கண்ணை மூடிக்கொண்டு, காலை இன்னும் கொஞ்சம் வெயிலுக்குள் நீட்டிக்கொண்டார்.